கீபோர்டுகளை இணைத்த ஐந்து பின் கேபிள்

எலக்ட்ரானிக் கீபோர்டு ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரைச் செருகும் துளை, ஹெட்போன் துளை, பெடல் துளை, அடாப்டர் துளை எல்லாம் வரிசையாக இருக்கும். பழைய மாடலாகவோ மேடைக்கென்றே செய்த மாடலாகவோ இருந்தால், வட்டமான இன்னொரு துளையும் தென்படும். அதற்குள் அரைவட்ட வடிவில் ஐந்து சிறு ஓட்டைகள். பக்கத்தில் 'மிடி இன்', 'மிடி அவுட்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். சமீபத்தில் வந்த, விலை குறைந்த மாடல் என்றால் வட்டத் துளைக்குப் பதிலாக, பிரின்டரில் பார்க்கும் அதே சதுர யுஎஸ்பி துளை இருக்கும்.

பிள்ளைகள் படிப்பதற்காகக் கீபோர்டு வாங்கிய பல வீடுகளில் இந்தத் துளை ஒருமுறைகூடப் பயன்படுவதில்லை. ஆனால் சினிமாப் பாட்டு, விளம்பர இசை, மெல்லிசை மேடை, தேவாலய ஆராதனை என்று நாம் தினமும் கேட்கும் இசையில் பெரும்பகுதி இந்தத் துளையைக் கடந்துதான் வருகிறது. ஒரு கீபோர்டின் கட்டையை அழுத்தினால் இன்னொரு கீபோர்டு ஒலிப்பதும், விரல் வாசித்ததைக் கம்ப்யூட்டர் அப்படியே குறித்துக்கொள்வதும், டிரம் மெஷினும் கீபோர்டும் ஒரே காலப்பிரமாணத்தில் ஓடுவதும் மிடி என்ற ஒரே ஏற்பாட்டால்தான் நடக்கின்றன. மியூசிக்கல் இன்ஸ்ட்ருமென்ட் டிஜிட்டல் இன்டர்ஃபேஸ் என்பதன் சுருக்கம் அது.

ஒலி போகாத ஒயர்

மிடியைப் பற்றிப் பலருக்கும் இருக்கும் முதல் குழப்பம், அந்தக் கேபிளில் பாட்டு போகிறது என்று நினைப்பது. அதில் ஒலி துளிகூடப் போவதில்லை. போவதெல்லாம் செய்திகள் மட்டுமே. இன்ன கட்டையை அழுத்தினார், இவ்வளவு வேகத்தில் அழுத்தினார், இப்போது விட்டுவிட்டார், பெடலை மிதித்தார், வால்யூமைக் குறைத்தார் என்பது மாதிரியான செய்திகள். கோயில் புறப்பாட்டில் நாதஸ்வர வித்வான் தலையை லேசாக அசைத்ததும் தவில்காரர் தனியைத் தொடங்குவார். அந்த அசைவில் ஒலி கிடையாது. ஒலி தவிலில் இருக்கிறது. மிடி கேபிள் கொண்டுபோவது அந்த அசைவைத்தான்.

ஒலியை விட்டுவிட்டுச் செய்தியை மட்டும் அனுப்பியதில்தான் இதன் பலம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பியானோ ஒலியில் வாசித்துப் பதிந்ததை, மறுபடி வாசிக்காமலே புல்லாங்குழலுக்கு மாற்றலாம். முப்பதாவது நொடியில் ஒரு விரல் தப்பியிருந்தால் அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் திருத்தலாம். பாடகிக்குச் சுருதி எட்டவில்லை என்றால் மொத்தப் பாட்டையும் அரைக் கட்டை இறக்கலாம். சுருதி மாறாமல் வேகத்தைக் கூட்டலாம். ஒலியாகப் பதிந்த ஒரு டேப்பில் இவற்றைச் செய்வது ஒருகாலத்தில் நினைத்தும் பார்க்க முடியாத காரியம்.

இடமும் மிச்சம். நான்கு நிமிடப் பாட்டு சிடி தரத்தில் 40 மெகாபைட்டுக்கு மேல் பிடிக்கும். அதே பாட்டின் மிடி கோப்பு சில பத்து கிலோபைட்டுகளில் அடங்கிவிடும். 2000-களின் தொடக்கத்தில், நினைவகம் மிகக் குறைவாக இருந்த செல்போன்களில் 'பாலிஃபோனிக் ரிங்டோன்' என்று சினிமாப் பாட்டெல்லாம் ஒலித்தது நினைவிருக்கலாம். அவற்றில் பல மிடி கோப்புகளே. போனுக்குள் இருந்த சிறு சிப், வந்த செய்திகளைப் படித்துத் தானே வாசித்துக் காட்டியது.

போட்டியாளர்கள் கூடிப் பேசிய கதை

1970-களில், மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் சின்தசைசரை வாங்கிய கலைஞர்களுக்குப் பெரிய தலைவலி ஒன்று இருந்தது. ஒரு கம்பெனியின் கருவி இன்னொரு கம்பெனியின் கருவியோடு ஒத்துப்போகாது. அந்நாளைய கருவிகள் ஸ்வரத்தை மின்னழுத்தமாக அனுப்பின. மோக், ரோலண்ட் போன்ற கம்பெனிகளின் கருவிகளில் ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி மேலே போகும். கோர்க், யமஹா கருவிகள் பலவற்றில் கணக்கு வேறு. ஒன்றின் ஒயரை இன்னொன்றில் செருகினால் சுருதி கன்னாபின்னாவென்று போகும். டிஜிட்டல் கருவிகள் வந்த பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. ரோலண்டுக்கு டிசிபி என்று தனி இணைப்பு, மற்றவர்களுக்கு அவரவர் இணைப்பு. ஒரு கம்பெனியிடம் முதல் கருவியை வாங்கினால் அடுத்ததையும் அங்கேயே வாங்க வேண்டிய கட்டாயம்.

இதை மாற்ற வேண்டும் என்று முதலில் முனைந்தவர் ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ ககெஹாஷி. 1930-ல் ஒசாகாவில் பிறந்தவர். இரண்டு வயதில் பெற்றோரைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். பதினாறு வயதில் கடிகாரம் ரிப்பேர் செய்யும் கடை போட்டவர். இருபது வயதில் அவரையும் அதே நோய் பிடித்துக்கொள்ள, ஆண்டுக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அப்போது புதிதாக வந்திருந்த ஸ்ட்ரெப்டோமைசின் அவர் உயிரைக் காப்பாற்றியது. அங்கிருந்து எழுந்துவந்து மின்சாதனக் கடை, பிறகு ஆர்கன் தயாரிப்பு என்று வளர்ந்து, 1972-ல் ரோலண்டைத் தொடங்கினார்.

1981-ல் அமெரிக்க இசைக்கருவி வியாபாரிகளின் 'நாம்' (NAMM) கண்காட்சிக்குப் போன ககெஹாஷி, போட்டிக் கம்பெனிக்காரரான டாம் ஓபர்ஹைமிடம் பொதுவான இணைப்பு முறை ஒன்று வேண்டும் என்ற பேச்சை எடுத்தார். பேச்சு அங்கிருந்து, கலிபோர்னியாவில் சீக்வென்ஷியல் சர்க்கியூட்ஸ் கம்பெனியை நடத்திவந்த டேவ் ஸ்மித்துக்குப் போனது. 1978-ல் வந்த 'ப்ராஃபெட் 5' என்ற புகழ்பெற்ற சின்தசைசரை உருவாக்கியவர் அவர். அதே 1981 நவம்பரில், ஸ்மித்தும் சக பொறியாளர் செட் வுட்டும் சேர்ந்து ஒலிப் பொறியாளர்கள் மாநாட்டில் ஒரு திட்டத்தை முன்வைத்தார்கள். அதன் மீது ரோலண்ட், யமஹா, கோர்க், கவாய் ஆகிய ஜப்பானிய கம்பெனிகள் ஸ்மித்தோடு சேர்ந்து வேலை செய்தன. ஸ்மித் முதலில் நினைத்திருந்தது சாதாரண கிடார் பிளக். வேகமும் குறைவு. பேச்சுவார்த்தையில் வேகம் கூடியது, ஐந்து பின் பிளக் வந்தது, மின்காப்பு சேர்ந்தது.

1983 ஜனவரியில் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் நடந்த 'நாம்' கண்காட்சியில் ஸ்மித்தின் 'ப்ராஃபெட் 600' கருவியையும் ரோலண்டின் 'ஜூபிடர் 6' கருவியையும் ஒரு கேபிளால் இணைத்தார்கள். ஒன்றில் வாசித்தது இன்னொன்றிலும் ஒலித்தது. ஒன்று அமெரிக்கத் தயாரிப்பு, மற்றது ஜப்பானியத் தயாரிப்பு. அந்த ஆண்டு ஆகஸ்டில் மிடி 1.0 விதிமுறை நூலாக வெளிவந்தது.

அந்தக் கம்பெனிகள் எடுத்த இன்னொரு முடிவுதான் மிடியை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. இதைப் பயன்படுத்த யாரும் உரிமத்தொகை கட்ட வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார்கள். சின்னக் கம்பெனியும் தயங்காமல் தன் கருவியில் மிடி வைத்தது. 1983-லேயே வந்த யமஹாவின் 'டிஎக்ஸ் 7' மிடியோடு வந்தது. அந்தப் பத்தாண்டில் மிக அதிகமாக விற்ற சின்தசைசர்களில் அது ஒன்று. 1985-ல் வந்த அட்டாரி எஸ்டி கம்ப்யூட்டரில் மிடி துளைகள் உள்ளேயே அமைந்திருந்தன. ஸ்டுடியோக்கள் அதை விரும்பி வாங்கின. 2013-ல் ககெஹாஷிக்கும் ஸ்மித்துக்கும் சேர்த்துத் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. ககெஹாஷி 2017-லும் ஸ்மித் 2022-லும் மறைந்தார்கள். அவர்கள் 1983-ல் எழுதிய விதி இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

ஒரு கட்டை, மூன்று எண்கள்

கீபோர்டின் நடுவில் இருக்கும் 'சி' கட்டையை அழுத்தும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

கட்டைக்கு அடியில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடும் இரண்டு சிறு சுவிட்சுகள் இருக்கின்றன. விரல் இறங்கும்போது முதல் சுவிட்ச் தொடும், பிறகு இரண்டாவது. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கருவி அளக்கிறது. நேரம் குறைவு என்றால் ஓங்கி அடித்திருக்கிறார், அதிகம் என்றால் மெதுவாகத் தொட்டிருக்கிறார் என்று அர்த்தம். விரலின் அழுத்தத்தைக் கண்டுபிடிப்பது இப்படித்தான். மிக மலிவான கீபோர்டுகளில் இந்த இரட்டை சுவிட்ச் கிடையாது. எப்படி அடித்தாலும் ஒரே சத்தம் வருவது அதனால்தான்.

உடனே மிடி அவுட் வழியாக மூன்று எண்கள் கிளம்புகின்றன. உதாரணத்துக்கு 144, 60, 100. முதல் எண் 'ஒன்றாம் சேனலில் ஒரு ஸ்வரம் தொடங்குகிறது' என்கிறது. இரண்டாவது எண் எந்தக் கட்டை என்பது. 0 முதல் 127 வரை எண்கள் இருக்கின்றன. நடு 'சி' 60. பெரிய பியானோவின் 88 கட்டைகளும் 21-லிருந்து 108-க்குள் அடங்கிவிடும். மூன்றாவது எண் எவ்வளவு ஓங்கி அடித்தார் என்பது. 1 என்றால் மென்மை, 127 என்றால் முழு பலம். விரலை எடுத்ததும் 'ஸ்வரம் முடிந்தது' என்று இன்னொரு செய்தி போகிறது.

கேபிளின் வேகம் நொடிக்கு 31,250 பிட். இன்றைய இன்டர்நெட் வேகத்தோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனாலும் அந்த மூன்று எண்களும் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. பத்து விரல்களையும் ஒரே நேரத்தில் வைத்து அடித்தால் பத்தாவது ஸ்வரம் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு நொடி தாமதமாகப் போகும். காது அதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது.

பிளக்கில் ஐந்து பின் இருந்தாலும் செய்தி போவது இரண்டில்தான். நடுப் பின் கேபிளின் உறைக்கானது. மீதி இரண்டும் சும்மா இருக்கின்றன. செய்தியைப் பெறும் கருவிக்குள் ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. வந்த மின்சாரம் அங்கே ஒரு குட்டி எல்இடி விளக்கை எரிக்கிறது. எதிரில் இருக்கும் ஒளி உணரி அதைப் பார்த்துச் செய்தியை உள்ளே அனுப்புகிறது. இரண்டு கருவிகளுக்கும் இடையே நேரடி மின்தொடர்பு கிடையாது. மேடையில் பல கருவிகளைப் பல பிளக் பாயின்ட்டுகளில் செருகும்போது வரும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் மிடி கேபிளால் வராமல் இருப்பது இந்த ஒளித் தடுப்பால்தான்.

ஒரே கேபிளில் 16 சேனல்கள் போகும். ஒன்றில் பியானோ, இரண்டில் வயலின் குழு, மூன்றில் பாஸ் கிடார், பத்தில் டிரம்ஸ் என்று பிரித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு செய்தியும் தன் சேனல் எண்ணைச் சுமந்துகொண்டு போவதால், பெறும் கருவி தனக்குரியதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். காலப்பிரமாணத்துக்கும் செய்தி உண்டு. ஒரு கால் நோட்டுக்கு 24 துடிப்புகள் வீதம் தலைமைக் கருவி அனுப்பிக்கொண்டே இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு டிரம் மெஷினும், எழுதிவைத்த செய்திகளை வரிசையாக வாசிக்கும் சீக்வென்சரும் பிசகாமல் ஓடும்.

எந்த எண்ணில் எந்த வாத்தியம் என்பதிலும் 1991-ல் 'ஜெனரல் மிடி' என்று ஓர் ஒழுங்கு வந்தது. மொத்தம் 128 ஒலிகள். முதல் எண் கிராண்ட் பியானோ. 105-ல் சிதார், 112-ல் ஷெனாய். ஆனால் வீணை, நாதஸ்வரம், மிருதங்கம், தபலா எதற்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. அவை வேண்டும் என்றால் அந்த ஒலிகளைத் தனியாகச் சேர்த்திருக்கும் கருவியையோ மென்பொருளையோ தேட வேண்டும்.

வீட்டில் இணைப்பது எப்படி?

இரண்டு கீபோர்டுகளை இணைக்க ஒரு கேபிள் போதும். வாசிக்கப்போகும் கீபோர்டின் மிடி அவுட்டிலிருந்து, ஒலிக்க வேண்டிய கீபோர்டின் மிடி இன்னுக்கு. இரண்டிலும் ஒரே சேனல் எண்ணை வைக்க வேண்டும். இரண்டாவது கீபோர்டு தன் ஒலியைத் தானே உண்டாக்குவதால், அதற்குத் தனியாக ஸ்பீக்கரோ மிக்சருக்குப் போகும் ஒயரோ அவசியம். முதல் கீபோர்டின் ஸ்பீக்கரில் இரண்டாவதன் ஒலி வராது.

மூன்றாவது கருவி இருந்தால், இரண்டாவதில் உள்ள 'மிடி த்ரூ' துளையிலிருந்து அதன் மிடி இன்னுக்குக் கொண்டுபோகலாம். தனக்கு வந்ததை அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடுவதுதான் த்ரூவின் வேலை. இப்படி மூன்று நான்கு கருவிகளுக்கு மேல் சங்கிலியாக நீட்டினால் செய்தி சிதையத் தொடங்கும். அப்போது ஒரு செய்தியைப் பல பக்கமும் பிரித்தனுப்பும் 'த்ரூ பாக்ஸ்' வாங்கிக்கொள்வது நல்லது. கேபிளின் நீளம் 15 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது விதி.

யுஎஸ்பி துளை மட்டும் உள்ள கீபோர்டு என்றால் விஷயம் சற்று மாறும். 'யுஎஸ்பி டு ஹோஸ்ட்' என்று எழுதியிருக்கும் அந்தத் துளை கம்ப்யூட்டரையோ போனையோ எதிர்பார்க்கிறது. அப்படிப்பட்ட இரண்டு கீபோர்டுகளை நேருக்கு நேர் ஒரே ஒயரால் இணைத்தால் எதுவும் நடக்காது. நடுவில் கம்ப்யூட்டரோ, 'யுஎஸ்பி மிடி ஹோஸ்ட்' என்ற சிறு பெட்டியோ வேண்டும். ஆண்ட்ராய்டு 6-க்குப் பிறகு வந்த பல போன்களில் ஓடிஜி அடாப்டர் போட்டுக் கீபோர்டைச் செருகினால் மிடி வேலை செய்யும். ஐபோன், ஐபேடிலும் அதற்குரிய அடாப்டர் வழியாக இணைக்கலாம். போனில் ஒரு பியானோ ஆப் இருந்தால், பழைய கீபோர்டிலிருந்தே நல்ல பியானோ ஒலியை எடுக்க முடியும்.

இணைத்தும் வேலை செய்யவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

சத்தமே வரவில்லையா? அவுட்டை அவுட்டிலும் இன்னை இன்னிலும் செருகியிருக்கலாம். அவுட்டிலிருந்து இன்னுக்குத்தான் போக வேண்டும். அது சரி என்றால் சேனல் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கம்ப்யூட்டரில் இணைத்ததும் ஒவ்வொரு ஸ்வரமும் இரண்டு தடவை கேட்கிறதா? கீபோர்டு தானும் ஒலித்து, கம்ப்யூட்டரிலிருந்து திரும்பி வரும் செய்திக்கும் ஒலிக்கிறது. கீபோர்டு மெனுவில் 'லோக்கல் கன்ட்ரோல்' என்பதை ஆஃப் செய்தால் தீர்ந்துவிடும்.

ஒரு ஸ்வரம் நிற்காமல் இழுத்துக்கொண்டே இருக்கிறதா? கட்டை அழுத்தியிருந்தபோது கேபிள் கழன்றிருக்கும். 'ஸ்வரம் முடிந்தது' என்ற செய்தி போய்ச்சேரவில்லை. இதற்கென்றே பல கருவிகளிலும் மென்பொருள்களிலும் 'பேனிக்' என்ற பட்டன் இருக்கிறது. 'எல்லா ஸ்வரமும் நிற்கட்டும்' என்று அது ஒரு கட்டளை அனுப்பும்.

கட்டையை அழுத்திச் சற்றுப் பொறுத்துத்தான் ஒலி வருகிறதா? அந்தக் குற்றம் மிடி கேபிளுடையதல்ல. கம்ப்யூட்டரின் ஆடியோ அமைப்பில் 'பஃபர்' அளவைக் குறைத்தால் தாமதம் குறையும்.

ஆக்டோபேட் முதல் பஞ்சதன் வரை

தமிழ்நாட்டின் மெல்லிசை மேடைகளில் கீபோர்டுக்குப் பக்கத்தில் நின்றபடி குச்சியால் சதுரக் கட்டங்களைத் தட்டும் கலைஞரை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தவில், தபலா, டிரம்ஸ், கைதட்டல் என்று அத்தனையும் அந்தப் பலகையிலிருந்து வரும். எந்தக் கம்பெனியின் பேடாக இருந்தாலும் நம் ஊரில் அதற்கு ஆக்டோபேட் என்றே பேர் நிலைத்துவிட்டது. 1985-ல் ரோலண்ட் வெளியிட்ட முதல் ஆக்டோபேடில், 'பேட் 8' என்ற அந்த மாடலில், ஒலியே கிடையாது. எட்டுக் கட்டங்களைத் தட்டினால் மிடி செய்தி மட்டும் வெளியே போகும். அதை ஒரு டிரம் மெஷினோடு இணைத்தால்தான் சத்தம். ஒலிகளைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் பேடுகள் பிறகு வந்தவை.

சினிமாவிலும் அந்த ஆண்டுகளிலேயே மாற்றம் தொடங்கிவிட்டது. 1986-ல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா சீக்வென்சரைப் பயன்படுத்தினார். ஒரு பக்கம் ஐம்பது வயலின் கலைஞர்கள் வாசிக்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில், இன்னொரு பக்கம் எழுதிவைத்த செய்திகளைத் தானே வாசிக்கும் இயந்திரமும் இடம்பிடித்தது. இளையராஜா உள்ளிட்ட இசையமைப்பாளர்களிடம் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த இளைஞர் ஏ.ஆர்.ரஹ்மான், சென்னையில் தன் வீட்டோடு சேர்ந்த பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டுடியோவில் கீபோர்டுகளையும், பதிந்த ஒலித்துண்டுகளை வாசிக்கும் சாம்ப்ளர்களையும், கம்ப்யூட்டரையும் இணைத்து வேலை செய்தார். 1992-ல் வந்த 'ரோஜா' படத்தின் இசை அங்கேதான் உருவானது. பெரிய கூடத்தில் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரே மூச்சில் பதியும் முறைக்குப் பக்கத்தில், ஒவ்வொரு அடுக்காகச் சேர்த்து, கேட்டு, திருத்தி, மறுபடி கேட்டு முடிவுசெய்யும் முறை ஊன்றிக்கொண்டது. இன்று ஒரு லேப்டாப்பும் சின்னக் கீபோர்டும் வைத்துக்கொண்டு படுக்கையறையிலிருந்தே பாட்டு போடும் இளைஞர்கள் அந்த முறையில்தான் வேலை செய்கிறார்கள்.

கமகத்துக்கு எண் உண்டா?

மிடியை உருவாக்கியவர்கள் மனதில் இருந்தது பியானோ. ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டை. அழுத்தினால் ஒலி, விட்டால் முடிவு. கர்நாடக இசைக்கு இது போதாது. தோடி ராகத்துக் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்காது. அசைந்துகொண்டே இருந்தால்தான் அது தோடி. சட்ஜத்தை 60-ல் வைத்துக்கொண்டு, கட்டை எண் 63 என்று ஒரு செய்தி அனுப்பினால் அங்கே ஒரு மொட்டைக் காந்தாரம்தான் கிடைக்கும்.

இதற்கு மிடியில் இருக்கும் வழி 'பிட்ச் பெண்ட்'. கீபோர்டின் இடப்பக்கம் இருக்கும் சக்கரத்தை உருட்டினால் ஸ்வரம் வளையும். மற்ற பல செய்திகளுக்கு 128 படிகள்தான் என்றால், இதற்கு மட்டும் 16,384 படிகள். அதனால் வளைவு வழுக்கிக்கொண்டு போகும். கர்நாடக இசையைக் கீபோர்டில் வாசிக்கும் கலைஞர்கள் வலதுகையில் ஸ்வரமும் இடதுகையில் இந்தச் சக்கரமுமாகக் கமகத்தைக் கொண்டுவருகிறார்கள். அது பல ஆண்டு உழைப்பில் வரும் வித்தை.

ஆனாலும் ஒரு தடங்கல் உண்டு. பிட்ச் பெண்ட் ஒரு சேனல் முழுவதையும் வளைக்கும். பெடலை மிதித்துச் சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு, மேலே காந்தாரத்தை அசைத்தால் கீழே சட்ஜமும் சேர்ந்து அசையும். சுருதி ஆடிப்போகும்.

2018-ல் மிடி அமைப்பு ஏற்றுக்கொண்ட எம்பிஇ என்ற முறை இந்தத் தடங்கலை நீக்கியது. தீர்வு எளிமையானது: ஒவ்வொரு விரலுக்கும் தனிச் சேனல். பழைய 16 சேனல்களையே வேறு விதமாகப் பங்கிட்டார்கள். ஒரு விரல் வளைப்பது இன்னொரு விரலின் ஸ்வரத்தைத் தொடாது. கட்டைகளே இல்லாத வழுவழுப்பான பரப்பின்மேல் விரலை இழைத்தும் அழுத்தியும் வாசிக்கும் கருவிகளுக்கு இது மிகவும் உதவியது. அமெரிக்கப் பொறியாளர் லிப்பால்ட் ஹேக்கன் உருவாக்கிய 'கன்டினூம்' அப்படிப்பட்ட கருவி. இந்த முறை விதியாவதற்கு வெகு முன்பே, 2009-ல் வந்த 'டெல்லி 6' இந்திப் படத்தின் 'ரெஹ்னா தூ' பாட்டில் ரஹ்மான் கன்டினூமை வாசித்தார். அந்தப் பாட்டின் கடைசிப் பகுதியைக் கேட்டால், எலக்ட்ரானிக் கருவியில் கமகம் எவ்வளவு தூரம் வரும் என்பது விளங்கும்.

2020-ல் மிடி 2.0 வந்தது. விரல் அழுத்தத்துக்கு 128-க்குப் பதில் 65,536 படிகள். சக்கரம், குமிழ் போன்றவற்றுக்கு 429 கோடிக்கு மேற்பட்ட படிகள். ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாக வளைக்கும் வசதி அடிப்படையிலேயே சேர்ந்துவிட்டது. பழைய மிடியில் செய்தி ஒருவழிப் பயணம். புதியதில் கருவிகள் ஒன்றையொன்று விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். எதிரில் இருப்பது பழைய கருவி என்று தெரிந்தால், புதிய கருவி பழைய முறையிலேயே பேசும். 1983-ல் வாங்கிய கருவியைக் குப்பையில் போட வேண்டிய அவசியம் வரவில்லை. புதிய முறையில் இயங்கும் கருவிகள் இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைக்கு வருகின்றன. அவை பரவலாகும் வரை ஐந்து பின் கேபிளும் யுஎஸ்பி ஒயரும் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இந்த விதிமுறைகள் ரகசியமானவை அல்ல. மிடி அசோசியேஷன் இணையதளத்தில் பதிவுசெய்துகொண்டு எவரும் இலவசமாக இறக்கிப் படிக்கலாம். கருவி செய்யவும் மென்பொருள் எழுதவும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஷெனாய்க்கும் சிதாருக்கும் எண் கொடுத்த பட்டியலில் நாதஸ்வரமும் வீணையும் விடுபட்டதற்கு, அந்த மேசையில் நம்மவர் யாரும் உட்காராததும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு ஸ்வரத்தின் அசைவை நுணுக்கமாக எழுதிவைக்கும் வசதி இப்போது வந்துவிட்டது. எந்த அசைவு தோடி, எந்த அசைவு பைரவி என்று அதற்குச் சொல்லித்தர வித்வான்களும், அதை நிரலாக எழுத நம் பொறியியல் மாணவர்களும் சேர்ந்து உட்கார வேண்டும். இசைக் கல்லூரிகளும் பொறியியல் கல்லூரிகளும் அதற்கு ஓர் அறையையும் இரண்டு கீபோர்டுகளையும் ஒதுக்கினால் வேலையைத் தொடங்கிவிடலாம்.